காவேரிப்பாக்கத்தின் வலைகள்: கட்டி முடித்த பிறகு நடந்த வேலையின் வரலாறு

இராணிப்பேட்டை மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓச்சேரியைக் கடந்து வாலாஜாப்பேட்டையை நெருங்கும் வழியில் உள்ள காவேரிப்பாக்கம், தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்றைத் தன் பெயரில் கொண்ட ஊர். ஏறத்தாழ 4,000 ஏக்கர் நீர்ப்பரப்பும், முப்பது அடிக்குச் சற்று மேற்பட்ட ஆழமும், பத்து மதகுகளும் கொண்ட இந்த ஏரி, ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் வெட்டப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. அம்மன்னனின் விருதுப்பெயரைத் தாங்கி, அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்றே இவ்வூர் கல்வெட்டுகளில் வழங்கப்பட்டது. பிற்கால அரசியல் வரலாற்றிலும் ஊருக்கு ஓர் இடம் உண்டு. 1752-இல் கிளைவின் படையும், பிரெஞ்சுக்காரர் துணையுடன் வந்த ராஜா சாகிபின் படையும் இங்கே மோதிய இரவுப் போர் கருநாடகப் போர்களின் போக்கைத் திருப்பியவற்றுள் ஒன்று என்று பாடநூல்கள் குறிக்கின்றன. ஏரியை வெட்டிய மன்னனும் போரில் வென்ற தளபதியும் இவ்வாறு நூல்களில் இடம்பெற்றுவிட, ஏரி நிரம்பிய முதல் ஆண்டு தொடங்கி அதன் மதகை யார் திறப்பது, கரையை யார் சுற்றிப் பார்ப்பது, கணக்கை யார் எழுதுவது என்று வகுத்த ஏற்பாடுகள் நூல்களின் அடிக்குறிப்புகளுக்குள் ஒதுங்கிவிட்டன.

அந்த ஏற்பாடுகளே இக்கட்டுரையின் பொருள். ஒன்றோடொன்று இணைந்த பல உறுப்புகளைக் கொண்ட ஓர் அமைப்பை, அது நீர்வலையாயினும் கம்பிவலையாயினும் கணினி வலையாயினும், நிறுவிய பின் இடையறாது கண்காணித்து, பழுதை உரியவருக்கு அறிவித்து, நிலவரத்தைப் பதிவு செய்யும் வேலை இன்று கணினித் துறையில் வலையமைப்பு மேலாண்மை எனப்படுகிறது. அதற்கெனத் தனி மென்பொருள்கள் உள்ளன. அவற்றைச் செய்து உலகெங்கும் விற்கும் தொழிலின் பெரிய உலைக்களங்களுள் சென்னையும் ஒன்று. மென்பொருளைக் கணினியில் ஏற்றுவது அரை மணி நேர வேலை. ஏற்றிய பிறகு அதற்கு ஊரைச் சொல்லிக் கொடுப்பதுதான் பல வாரங்களை விழுங்கும் வேலை. காவேரிப்பாக்கத்தின் வழியே ஓடும் வெவ்வேறு காலத்து வலைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வலை நிலைத்ததா சிதைந்ததா என்பதைக் கட்டியவரின் திறமையைவிடப் பின்னர் செய்த இந்த ஏற்பாடே பெரும்பாலும் முடிவு செய்திருப்பது புலப்படும்.

காவேரிப்பாக்கம் ஏரி தனியொரு நீர்நிலை அன்று. வாலாஜாப்பேட்டை அருகே பாலாற்றின் குறுக்கே 1858-இல் கட்டப்பட்ட அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி ஆகிய ஊர்களை நோக்கிக் கால்வாய்கள் பிரிகின்றன. ஒவ்வொரு கால்வாயும் போகும் வழியில் பல ஏரிகளுக்கு நீரூட்டுகிறது. ஓர் ஏரி நிரம்பியதும், மிகுநீர் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். கலிங்கு என்பது ஏரி தாங்கும் உச்ச அளவுக்குக் கட்டப்பட்ட கற்சுவர். அதற்கு மேல் ஏறும் நீர் தானாக வெளியேறும். மதகு வயலுக்குத் தேவையான நீரை அளந்து விடும் வாய். காவேரிப்பாக்கத்தின் மிகுநீர் கொசஸ்தலையாற்றின் தொடக்கமாகி, 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் வரை செல்வதால், சென்னையின் குடிநீர்க் குழாய்க்கும் இவ்வூர்க் கலிங்குக்கும் தொடர்பு உண்டு. இவ்வட்டாரத்தில் ஏரி வெட்டும் மரபு இன்னும் பழையது. மகேந்திரவாடிக் குடைவரைக் கோயிலின் கல்வெட்டு, ஏழாம் நூற்றாண்டின் முதலாம் மகேந்திரவர்மன் பெயரில் அமைந்த ஏரியைக் குறிக்கிறது.

இத்தகைய சங்கிலித் தொடர் ஏரிகளைக் கண்காணிக்க ஏற்பட்ட அமைப்பைச் சோழர் கல்வெட்டுகள் விரிவாகக் காட்டுகின்றன. காவேரிப்பாக்கத்தை அடுத்த திருப்பாற்கடலில் உள்ள முதலாம் பராந்தகன் (907–955) காலக் கல்வெட்டுகள், இவ்வூர்ச் சபை தன் பணிகளை வாரியங்களாகப் பகுத்துக்கொண்டதைத் தெரிவிக்கின்றன. வாரியம் என்பது குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுகுழு. ஆண்டு மேற்பார்வைக்கு ஒன்று, ஏரிக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று, கழனிக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று எனப் பொறுப்புகள் பிரிந்திருந்தன. இவர்களைத் தேர்ந்தெடுத்த முறையின் முழு விதிகளும் காஞ்சிபுரத்துக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகளில் கிடைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டது. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆண்டு வாரியத்துக்குப் 12 பேர், தோட்ட வாரியத்துக்குப் 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள்.

குடவோலையைப் பற்றி எழுதுவோர் தேர்தலோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். தேர்தலைவிடக் கூர்மையானவை, தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு என்ன நடக்க வேண்டும் என்று கூறும் விதிகள். பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடத்தில் பெயர் இடப்படத் தகுதியிழந்தார். அவர் மட்டுமல்லாமல் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழந்தனர். ஆண்டு வாரியத்துக்கு வருவோர் முன்னர் தோட்ட வாரியத்திலோ ஏரி வாரியத்திலோ பணியாற்றியவராக இருக்க வேண்டும் என்பதும் விதி. அதாவது, மொத்தத்தையும் மேற்பார்க்கும் பொறுப்புக்கு வருபவர் ஒரு முறையாவது கரையில் நின்று மதகைப் பார்த்தவராக இருத்தல் வேண்டும். ஏரிப் பராமரிப்புக்கென்று ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் ஒதுக்கி, அதன் விளைச்சலைத் தூர் வாரவும் கரையை உயர்த்தவும் செலவிட்ட வழக்கத்தைத் தமிழகக் கல்வெட்டுகள் பலவற்றில் காணலாம். வலையைக் கட்டும் செலவுக்கு அரசன் இருந்தான். அதைக் கண்காணிக்கும் செலவுக்கு நிலையான வருவாய் ஒன்று வேண்டும் என்று ஊர்ச்சபை கருதியது. இக்கால அரசுத் திட்டங்கள் பலவும் இரண்டாவதை ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டோடு மறந்துவிடுவதை எண்ணினால், பத்தாம் நூற்றாண்டுச் சபையார் கணக்கில் கெட்டிக்காரர் என்றே கூற வேண்டும்.

ஆயினும் இதைக் கிராமக் குடியரசின் பொற்காலமாகப் பாடுவது பொருந்தாது. குடத்தில் ஓலையிடத் தகுதி பெற்றோர், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்கள் மட்டுமே. நள்ளிரவில் கரையைச் சுற்றி, எலி வளையிலிருந்தும் நண்டு வளையிலிருந்தும் நீர் கசிகிறதா என்று பார்த்தவரும், மதகின் அடைப்பை ஏற்றி இறக்கியவரும் கல்வெட்டில் பெயரில்லாதவர்கள். வட ஆர்க்காட்டிலும் செங்கல்பட்டிலும் கம்புக்கட்டி என்றும், பிற மாவட்டங்களில் நீர்க்கட்டி, மடையர் என்றும் வழங்கப்பட்ட இவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். அறுவடைக்களத்தில் கிடைத்த நெல்லே இவர்களுக்கு ஊதியம். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர், எந்தக் கரை எந்த மழையில் முதலில் இளகும், எந்த மதகு முழுதாக மூடாது என்ற செய்திகள் சபையின் ஓலையைவிட இவர்கள் நினைவிலேயே மிகுதியாக இருந்தன. நினைவில் மட்டும் இருக்கும் செய்திக்கு ஒரு குறை உண்டு: ஆள் போனால் அதுவும் போய்விடும்.

ஆங்கிலேயர் ஆட்சி இக்குறையைத் தன் வழியில் கண்டுகொண்டது; அதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஊர்ச்சபைகளின் வருவாய் நிலங்கள் அரசின் வரிக் கணக்குக்குள் சென்றதும், ஊரார் தாமே கூடி ஏரியைப் பழுது பார்க்கும் குடிமராமத்து என்ற வழக்கம் தளர்ந்தது. பாலாற்று அணைக்கட்டு எழுந்த அதே 1858-இல், குடிமராமத்துக்கு வராதவரைத் தண்டிக்க வகை செய்யும் கட்டாய உழைப்புச் சட்டமும் சென்னை மாகாணத்தில் பிறந்தது. அணைக்கட்டு நின்றது, சட்டம் ஏட்டளவில் தங்கியது. பயன் தந்தது 1883-இல் தொடங்கிய ஏரி மீட்புத் திட்டம். இதன்படி நில அளவைக் குழுக்கள் ஒவ்வொரு சிறு வடிநிலமாகச் சென்று, ஒவ்வோர் ஏரியின் கொள்ளளவு, கரையின் நீளம், மதகின் அடிமட்டம், கலிங்கின் அகலம், மேலே எந்த ஏரி, கீழே எந்த ஏரி என்பவற்றை அளந்து எழுதின. நீர்வளத் துறையினர் இன்றும் ஏரி மெமாயர் என்று குறிப்பிடும் ஏடு இதுவே. ஏரிகள் அப்போது புதிதாக வெட்டப்படவில்லை. ஆயிரம் ஆண்டு ஓடிக்கொண்டிருந்த வலைக்கு முதல் முறையாகத் தாளில் ஒரு பட்டியலும் வரைபடமும் கிடைத்தன.

வரைபடத்தில் மேலே, கீழே என்ற குறிப்புக்கு என்ன விலை என்பதைப் பாலாறு 1903-இல் காட்டியது. அவ்வாண்டு நவம்பரில் மைசூர் அரசின் எல்லைக்குள், கோலார்ப் பகுதியில் பேத்தமங்கலம் முதலிய ஏரிகளின் கரைகள் உடைந்தன, அந்த வெள்ளம் ஆற்றோடு இறங்கி, தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்ற வாணியம்பாடியை அழித்தது, உயிரிழந்தோர் பலர். ஓர் ஏரி உடைந்தால் அதன் கீழுள்ளதும் உடையும். அதற்கும் கீழுள்ளதற்குச் செய்தி நீருக்கு முன்னே போய்ச் சேர வேண்டும். மேலே உள்ள ஏரிகள் ஓர் அரசின் கணக்கிலும் கீழே உள்ள ஊர்கள் மற்றோர் அரசின் கணக்கிலும் இருந்தமையால் சங்கிலியின் முழு உருவமும் எவருடைய மேசையிலும் இல்லை. நீரைப் பங்கிடுவதற்கு 1892-இல் இரு அரசுகளுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டிருந்தது. பங்கிடும் அக்கறை பெரிதாக இருந்த அளவுக்கு எச்சரிக்கும் அக்கறை இருக்கவில்லை.

கம்பிவலையின் கதையை விரைவாகக் கடந்துவிடலாம். தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டது. அதே பத்தாண்டில் சென்னையும் பெங்களூரும் தந்தியால் இணைந்தன. இரயில்வேயில் ஒரு நிலையம் அடுத்த நிலையத்தைத் தந்தியால் கேட்டு, பாதை காலி என்ற விடை வந்த பின்னரே வண்டியை அனுப்பும் முறை வேரூன்றியது. விடை வராவிட்டால் அதையே ஆபத்தின் அறிகுறியாகக் கொண்டனர். பின்னர் வந்த தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில் பழுதுகளை உடனே கவனிக்க வேண்டியவை, பிறகு கவனிக்கக் கூடியவை என்று பிரித்து, வெவ்வேறு விளக்கும் மணியும் பொருத்தினர். எல்லாப் பழுதுக்கும் ஒரே மணி அடித்தால் இரவுப் பணியாளர் சில நாளில் மணியையே நிறுத்திவிடுவார் என்பதைத் தொலைபேசித் துறை முன்பே உணர்ந்திருந்தது; கணினித் துறை அதை மறுபடி கற்க வேண்டியிருந்தது.

இணையத்தின் தொடக்கக் காலத்தில் கண்காணிப்பு என்று தனியாக எதுவும் இல்லை. வலையைக் கட்டியவர்களே அதைப் பயன்படுத்தினார்கள், பழுதானால் அவர்களே அறிந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் வலை பெருகியதும் இது நடவாமற்போயிற்று. 1988 தொடக்கத்தில் இணையத்தின் தொழில்நுட்பக் குழுவினர் கூடி, எளிய நெறிமுறை ஒன்றைத் தற்காலிகமாகவும், பன்னாட்டுத் தர நிறுவனத்தின் விரிவான நெறிமுறையை நிலையாகவும் மேற்கொள்ள முடிவு செய்தனர். தற்காலிகமானது அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான எஸ்.என்.எம்.பி.; எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை என்பது அதன் விரிவு. நிலையானது ஏடுகளில் தங்க, தற்காலிகமானது இன்றுவரை ஆள்கிறது. இதன் அமைப்பு எளிது: ரூட்டர், ஸ்விட்ச் போன்ற ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஏஜெண்ட் என்ற சிறு நிரல் உட்கார்ந்து, கருவியின் நிலவரத்தை எண்ணிட்ட பட்டியலாக வைத்திருக்கும், அந்தப் பட்டியலின் விளக்கத்துக்கு மிப் என்று பெயர். மேலாண்மை மென்பொருள் குறித்த இடைவெளியில் கேட்டு வாங்குவது போலிங். கேளாமலே ஏஜெண்ட் தானாக அனுப்பும் அவசரச் செய்தி டிராப். பன்னாட்டுத் தர நிறுவனத்தின் பெரிய நெறிமுறை தோற்றாலும் அதன் பாகுபாடு ஒன்று எஞ்சியது. பழுது, அமைவு, கணக்கு, செயல்திறன், பாதுகாப்பு என மேலாண்மைப் பணியை 1989-இல் அது ஐந்தாகப் பகுத்தது. கணக்குக்குத் தனி வாரியம் வைத்த சபைக்கு இப்பகுப்பு வியப்பளித்திராது.

தமிழ்நாட்டில் இத்தொழில் வேர்கொண்ட கதை 1996-இல் தொடங்குகிறது. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தவரும் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவருமான ஸ்ரீதர் வேம்பும், டோனி தாமஸும் மற்றும் சிலரும் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், அமெரிக்காவில் பதிவும் சென்னையில் பொறியாளர் அணியுமாக இயங்கியது. ஜாவா மொழி வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், அம்மொழியில் எஸ்.என்.எம்.பி. கருவித் தொகுப்புகளை எழுதி, தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கு விற்பது அதன் முதல் வணிகம். 2001-இல் தொலைத்தொடர்புச் சந்தை சரிந்ததும் அந்த வாடிக்கையாளர்கள் குறைந்தனர். கருவி செய்வோரை விட்டு, கருவியை வாங்கி வைத்திருக்கும் அலுவலகங்களை நோக்கி நிறுவனம் திரும்பியது. அதன் பயனாக 2002-இல் மேனேஜ்என்ஜின் என்ற பிரிவும், ஓப்மேனேஜர் போன்ற கண்காணிப்பு மென்பொருள்களும் பிறந்தன. 2009-இல் நிறுவனமே ஜோஹோ எனப் பெயர் மாறியது. சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழுவிலிருந்து கிளைத்த என்.எம்.எஸ்.ஒர்க்ஸ் நிறுவனமும் சிக்நெட் என்ற மேலாண்மை மென்பொருளை உருவாக்கியது. ஆக, வலையைக் கண்காணிக்கும் கருவியைச் செய்வது இங்கே ஒரு நிலைத்த தொழிலாயிற்று. கருவியை வாங்கியவர் அதன் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது தனிக்கதை. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும்.

முதல் வேலை, மென்பொருளோடு வரும் பொதுக் கடவுச்சொல்லை மாற்றுவது. அதற்கு இணையாக ஒவ்வொரு கருவியிலும் கம்யூனிட்டி எனப்படும் அடையாளச் சொல்லை மாற்ற வேண்டும், எஸ்.என்.எம்.பி.யின் முதல் இரு பதிப்புகளில் கேள்வி கேட்கும் உரிமைக்கு அதுவே ஒரே சான்று. படிக்க 'பப்ளிக்', மாற்ற 'பிரைவேட்' என்று தொழிற்சாலையிலேயே இட்டு வந்த சொற்களை மாற்றாமல் விட்ட அலுவலகங்கள் பல. அச்சொல் வலையில் மறைக்கப்படாமலே பயணம் செய்வதால், மாற்றியவர்களும் முழுப் பாதுகாப்புப் பெற்றதில்லை. 2002 பிப்ரவரியில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழக ஆய்வாளர் குழு, பெரும்பாலான நிறுவனங்களின் எஸ்.என்.எம்.பி. நிரல்களில் ஓட்டைகள் இருப்பதை வெளிப்படுத்தியதும் உலகெங்கும் அவசரத் திருத்தங்கள் நடந்தன. பயனரை உறுதிப்படுத்தி, செய்தியை மறையாக்கம் செய்யும் மூன்றாம் பதிப்பு அதே ஆண்டில் முழுத் தரமாக ஏற்கப்பட்டது; ஆயினும் பழைய பதிப்புகள் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அடுத்தது பெயரிடுதல். மென்பொருளுக்கு ஐ.பி. முகவரிகளின் எல்லையைக் கொடுத்தால், அது ஒவ்வொரு முகவரியையும் தட்டிப் பார்த்து, விடையளிக்கும் கருவிகளைத் தானே பட்டியலிடும்; டிஸ்கவரி எனப்படும் இந்தச் செயல் சில மணி நேரத்தில் முடிந்து, எண்கள் நிறைந்த ஒரு படத்தைத் தரும். அந்த எண் எந்த ஊரின் எந்தக் கட்டடத்தின் எந்த அலமாரியில் உள்ளது என்பதை மென்பொருள் அறியாது. வட்டார வளர்ச்சி அலுவலகத்து ஸ்விட்சுக்கு ஊர், அலுவலகம், கருவி, வரிசையெண் என்ற ஒழுங்கில் பெயரும், பொறுப்பாளரும், அவரை அழைக்கும் வழியும் எழுதப்பட்டால்தான் நள்ளிரவில் வரும் எச்சரிக்கைக்குப் பொருள் உண்டு. ஏரி மெமாயர் எழுதிய நில அளவையாளர் செய்ததும் இதுவே. அவருக்குச் சங்கிலியும் கொடியும் கருவி, இவருக்கு விசைப்பலகை. இதனோடு சேர்ந்தது நேரத்தை ஒருமுகப்படுத்துதல். சில கருவிகள் இந்திய நேரத்திலும் சில உலகப் பொது நேரத்திலும் ஓடினால், ஒரே பழுதின் இரு பதிவுகள் ஐந்தரை மணி நேர இடைவெளியில் நின்று, எது காரணம் எது விளைவு என்பதைத் தலைகீழாக்கிவிடும்.

எதை அளப்பது என்பதில் ஒரு நுட்பமான பொறி உண்டு. இணைப்பின் வழியே சென்ற பைட்டுகளை எண்ணும் பழைய எண்ணி 32 பிட் அளவுடையது. 429,49,67,295 வரை எண்ணிவிட்டு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். நொடிக்குப் பத்து மெகாபிட் ஓடிய காலத்தில் இந்த எண்ணி ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் படித்தால் போதுமானதாக இருந்தது. இந்த ஐந்து நிமிட வழக்கத்தைப் பரப்பியவற்றுள் முக்கியமானது, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 64 கிலோபிட் இணைப்பொன்றைக் கண்காணிக்க டோபி ஓட்டிக்கர் 1995 அளவில் எழுதிய எம்.ஆர்.டி.ஜி. என்ற இலவச மென்பொருள். நொடிக்கு ஒரு கிகாபிட் முழுமையாக ஓடும் இணைப்பிலோ, அந்த எண்ணி சுமார் 34 நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஐந்து நிமிடத்துக்குள் எட்டு முறை சுற்றியது தெரியாமல் மென்பொருள் மிகக் குறைந்த அளவைக் காட்டி, நெரிசலில் திணறும் இணைப்பைச் சும்மா கிடப்பதாகக் கூறும். இதற்காகவே 1990களில் 64 பிட் எண்ணிகள் சேர்க்கப்பட்டன, ஆனால் எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பு அவற்றைப் படிக்காது. நிறுவிய நாளில் படிவத்தில் பதிப்பு ஒன்று என்பதை மாற்றாமல் விட்டவரின் வரைபடம், எந்தப் பிழைச் செய்தியும் இன்றி ஆண்டுக்கணக்கில் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். வலையின் வரலாற்றை அத்தகைய வரைபடங்களைக் கொண்டு எழுதப் புகுவோர் எச்சரிக்கையாக இருப்பது நலம்.

பின்னர் வருவது எல்லை வகுத்தல். கலிங்கின் உயரம் ஏரிக்கு எல்லையானது போல, இணைப்பின் சுமையோ கருவியின் வெப்பமோ எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை எழ வேண்டும் என்பதை யாரேனும் ஒருவர் முடிவு செய்ய வேண்டும். மென்பொருளோடு வரும் எண்கள் எங்கோ ஒரு வலைக்கு ஏற்றவை. வழக்கமான நாள், மாத இறுதி, விடுமுறை நாள் ஆகியவற்றின் போக்கைச் சில வாரங்களாவது பார்த்து, இந்த வலைக்கு எது இயல்பு என்று அறிந்த பிறகே எல்லையை எழுத இயலும். அவசரப்பட்டு எழுதினால் நாளுக்கு நூற்றுக்கணக்கில் எச்சரிக்கைகள் குவியும், யாரும் படிக்கமாட்டார்கள். எச்சரிக்கைகளைக் கிரிட்டிகல், மேஜர், மைனர், வார்னிங் எனத் தரம் பிரிக்கும் பன்னாட்டுத் தரம் 1992-இல் வந்தது. எக்ஸ்சேஞ்சுக்காரர்களின் இரு மணிகள் அங்கே நான்காயின. இவற்றினும் முக்கியமானது, எந்தக் கருவி எதற்குக் கீழே என்ற சார்பை எழுதி வைத்தல். மாவட்டத் தலைமையிட ரூட்டர் விழுந்தால் அதன் கீழுள்ள வட்டாரங்களும் ஊராட்சிகளும் விடையளிக்கமாட்டா. சார்பு எழுதப்பட்ட மென்பொருள் ஒரே எச்சரிக்கையைத் தரும். எழுதப்படாதது இருநூறு தரும். உண்மையான பழுது அந்த இருநூற்றில் எங்கோ ஒளிந்துகொள்ளும். பேத்தமங்கலத்துக்கும் வாணியம்பாடிக்கும் இடையே 1903-இல் இல்லாமற்போனது இந்தச் சார்புக் குறிப்புத்தான்.

காவேரிப்பாக்கத்துக்கு இவ்வகை வலை அரசின் வழியே வந்தது. எல்காட் நிறுவனம் அமைத்த தமிழ்நாடு மாநில விரிபரப்பு வலையமைப்பு, தலைமைச் செயலகத்தை மாவட்டத் தலைமையிடங்களோடும் அவற்றின் கீழுள்ள அலுவலகங்களோடும் 2000களின் பிற்பகுதியில் இணைத்தது. 2011-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்து, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டம் அதையும் கடந்து ஊராட்சி வரை கண்ணாடி இழையைக் கொண்டு செல்ல முற்பட்டது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் ஏற்றது. காவேரிப்பாக்கம் தானே பேரூராட்சியாயினும், அதைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றியத்தின் ஊராட்சிகள் இவ்வலைக்குள் வருவன. அதே ஆண்டுகளில், 2017 முதல், மாநில அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஏரிகளைத் தூர் வாரும் திட்டத்தை நடத்தியது. ஒரே ஒன்றியத்தில் ஒரு வலை புதிதாகப் புதைக்கப்பட, மற்றொரு வலை தோண்டித் திருத்தப்பட்டது.

மூன்றாவது வலையொன்றையும் தோல் தொழில் இவ்வட்டாரத்துக்குக் கொண்டுவந்தது. இராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. பின்னர் 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் ஆலைகள் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவை அளக்கும் கருவிகளை நிறுவி, அவற்றின் அளவீடுகளை வாரியங்களுக்கு நேரடியாக இணையவழி அனுப்ப வேண்டும் என ஆணையிட்டது. கருவி பொருத்துவதோடு ஆணை நிறைவேறிவிடுவதில்லை. அளவீட்டு முனை தோல் கழிவின் உப்பிலும் குரோமியத்திலும் படிந்து மங்கும். குறித்த காலத்தில் அதைக் கழுவி, தரநீரில் நனைத்துச் சரிபார்க்காவிட்டால், எல்லை மீறாத அழகிய நேர்கோடு ஒன்று திரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே எண்ணை மணிக்கணக்கில் மாறாமல் அனுப்பும் கருவியும் பழுதென்றே கொள்ளத்தக்கது. வராத அளவீட்டையும் மாறாத அளவீட்டையும் எச்சரிக்கையாகக் கொள்ளும்படி முதலிலேயே எழுதி வைத்தால் மட்டுமே கண்காணிப்புக்குப் பொருள் உண்டு.

கண்ணாடி இழை வலையில் மிகுதியாக எழும் எச்சரிக்கை கேபிள் அறுந்ததைப் பற்றியது. சாலை விரிவாக்கம், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய் என எதற்குத் தோண்டினாலும் மண்வெட்டியோ பொக்லைனோ கேபிளைத் தொட்டுவிடும். நெடுஞ்சாலையோரத்து ஊருக்கு இது புதிதன்று. சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் இணைப்பு விழுந்த செய்தி சில நிமிடங்களில் தோன்றும். பழுது பார்க்கச் செல்பவர் ஓ.டி.டி.ஆர். என்ற கருவியால் இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு, அறுந்த இடம் எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்று கணிப்பார். அந்தத் தூரம் இழையின் நீளம், சாலையின் நீளம் அன்று. வழியில் ஒவ்வொரு குழிக்குள்ளும் பின்னாளைய ஒட்டு வேலைக்காகச் சில மீட்டர் கேபிள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். எந்தக் குழியில் எவ்வளவு சுருள், கேபிள் எந்த மைல்கல்லருகே சாலையைக் கடக்கிறது, எந்தப் பாலத்தடியில் குழாய்க்குள் போகிறது என்பவை புதைத்தபோதே வரைந்து கொடுக்கப்பட்ட தாளில் இருக்க வேண்டும். சாலை அகலமாகிக் கேபிள் இடம் மாறிய ஒவ்வொரு முறையும் அத்தாள் திருத்தப்பட்டிருக்க வேண்டும். திருத்தப்படாத இடங்களில், திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தும், ஒட்டுக்காரர் சாலையோரத்துப் புளிய மரத்தையும் பெட்டிக்கடையையும் அடையாளம் கேட்டு, இரண்டு மூன்று இடங்களில் தோண்டிய பிறகே கேபிளைக் காண்கிறார். கேபிள் புதைத்த அன்று உடன் நின்ற உள்ளூர்க் கூலியாள் ஒருவர் கிடைத்துவிட்டால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.